ரியாம் விரைவு மதிப்பீட்டு அட்டவணை: எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்

செலவு ஏதும் இல்லை. ஒரு எக்செல் தாளும், விடயம் தெரிந்த ஆறேழு பேரும், மூன்று வேலை நாட்களும் இருந்தால் ஒரு மாகாண அல்லது தேசிய அபிவிருத்தித் திட்டத்தின் மாற்றுவழிகளைச் சுற்றாடல் நோக்கில் தரம் பிரித்துவிடலாம். விரைவுப் பாதிப்பு மதிப்பீட்டு அட்டவணை, சுருக்கமாக ரியாம், தரும் பயன் இதுதான். பஸ்தாக்கியாவும் ஜென்சனும் 1998இல் வெளியிட்ட இம்முறையை வைத்து அதன்பின் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. திட்டமிடல் பிரிவில் இருப்போருக்கு இதை நம்பிப் பரிந்துரைக்கிறோம். ஆனால் இதற்குள் இரண்டு கணக்குக் குறைகள் இருக்கின்றன. அவற்றை அறியாமல் பயன்படுத்தினால், ஒரு கிராமமே தண்ணீரை இழப்பதும் "நடுத்தரப் பாதிப்பு" என்றுதான் அறிக்கையில் வரும்.

முதலில், இது எந்த இடத்துக்கு உரிய கருவி என்பது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த 56ஆம் இலக்கத் திருத்தம், குறித்துரைக்கப்பட்ட கருத்திட்டங்களுக்குச் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 வேலை நாட்கள் வைக்கப்படும். இந்தியாவில் 2006 செப்டம்பர் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையும் கருத்திட்ட மட்டத்தில்தான் நிற்கிறது. இரண்டிலும் ஒரே சிக்கல். அறிக்கை எழுதப்படும் நேரத்தில் இடம் தெரிவாகியிருக்கும், கடன் பேசப்பட்டிருக்கும், அமைச்சர் அறிவித்திருப்பார். அணை எவ்வளவு உயரம் என்று கேட்கலாம், அணையே வேண்டுமா என்று கேட்கும் கட்டம் கடந்திருக்கும்.

இலங்கையின் மகாவலி ஆற்று அபிவிருத்தித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியுடன் 1968இல் முடிந்த பெருந்திட்டம் 30 ஆண்டுகளுக்கு விரித்து வரையப்பட்டது. 1977இல் வந்த அரசு அதன் முக்கிய பகுதிகளை ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்கியது. விரிவான சுற்றாடல் மதிப்பீடு 1980இல்தான் வந்தது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல, மாதுறு ஓயா ஆகிய நீர்த்தேக்கங்களுக்கு அதற்கு முன்பே முடிவு எடுத்தாகிவிட்டது. அப்படியும் அந்த மதிப்பீடு வீண் போகவில்லை. 1983 முதல் 1986 வரை மாதுறு ஓயா, வஸ்கமுவ, வெள்ளச் சமவெளி, சோமாவதிய ஆகியவை தேசியப் பூங்காக்களாக்கப்பட்டதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் அந்த வேலை சேதத்தைக் குறைப்பது. காட்டு நிலத்தில் எந்தப் பகுதியைக் குடியேற்றத்துக்குத் திறப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று வரைபடம் வெறுமையாக இருக்கும்போதே கேட்பது வேறு வேலை. ரியாம் அந்த முதல் கட்டத்துக்கு உரியது.

இனி உள்ளமைப்பு. ஒவ்வொரு பாதிப்புக்கும் ஐந்து புள்ளிகள் இடவேண்டும்.

ஏ1, முக்கியத்துவம்: 0 இலிருந்து 4 வரை. 1 என்றால் அந்த இடத்துக்கு மட்டும், 2 என்றால் அதற்கு வெளியே ஒட்டியுள்ள பகுதிக்கும், 3 என்றால் பிராந்தியத்துக்கு அல்லது தேசத்துக்கு, 4 என்றால் தேசத்தையும் தாண்டியது.
ஏ2, மாற்றத்தின் அளவு: −3 இலிருந்து +3 வரை.
பி1, நீடிப்பு: தற்காலிகம் 2, நிரந்தரம் 3.
பி2, மீளும் தன்மை: மீட்கலாம் 2, மீட்க முடியாது 3.
பி3, திரட்சி: தனித்தது 2, மற்றவற்றோடு சேர்ந்து பெருகுவது 3.

பி வரிசையில் "பொருந்தாது" என்பதற்கு 1. பூச்சியம் இல்லை. ஏ இரண்டையும் பெருக்கி, பி மூன்றையும் கூட்டி, அவ்விரண்டையும் மறுபடி பெருக்கினால் சுற்றாடல் புள்ளி கிடைக்கும். உச்சம் 12ஐ 9ஆல் பெருக்கிய 108. அதைப் படிகளாக்குவது: 1–9 முதற்படி, 10–18 இரண்டு, 19–35 மூன்று (நடுத்தரம்), 36–71 நான்கு, 72–108 ஐந்து. எதிர்மறைப் பக்கமும் இதே அளவுகள். பாதிப்புகளைப் பௌதிக-இரசாயன, உயிரியல்-சூழலியல், சமூக-பண்பாட்டு, பொருளாதார-இயக்க என நான்கு தலைப்புகளுக்குள் அடுக்கவேண்டும்.

முறை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க, யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீரை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் பாறைக்குள் இருக்கும் நிலத்தடி நீரை விட்டால் குடாநாட்டுக்குப் பெரிய நீர்மூலம் கிடையாது. செறிவான தோட்டப் பயிர்ச்செய்கையாலும் மலக்குழிக் கசிவாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பைத் தாண்டியிருக்கிறது. இதற்கு அயலிலுள்ள கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைமடுக் குளத்து நீரைக் குழாய் வழியே கொண்டுவருவது என்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் 2010ஆம் ஆண்டளவில் திட்டமிடப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். தங்கள் சிறுபோகத்துக்கே (வறண்ட பருவ நெற்செய்கைக்கே) குளத்தில் நீர் போதாதபோது பிற மாவட்டத்துக்குக் கொடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். பல ஆண்டு இழுபறிக்குப் பின் வடமராட்சி கிழக்கு தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது, 2024இல் திறக்கப்பட்டது.

கீழே வருபவை ரியாமின் நடத்தையைக் காட்ட நாம் இட்ட புள்ளிகள், எந்தத் திணைக்களத்தின் மதிப்பீடும் அல்ல.

இரணைமடு வழி: குடாநாட்டுக்குப் பாதுகாப்பான குடிநீர். ஏ1 = 3, ஏ2 = +3, பி = 3+2+2. மொத்தம் +63, நான்காம் படி. சிறுபோக நீர் இழப்புக்கு எவ்வளவு இடுவது? நகரத்து அலுவலகத்திலிருந்து பார்ப்பவர் "குளத்தடி வயல்களுக்கு மட்டும்" என்று ஏ1இல் 1, ஏ2இல் −2 இடுவார். பி = 3+2+3. வருவது −16, இரண்டாம் படி. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஏ1இல் 2 இடுவார், −32 ஆகும், மூன்றாம் படி. கமக்காரர் அமைப்பின் பிரதிநிதி, மழை பொய்த்த ஆண்டை மனதில் வைத்து, வடக்கின் நெல் உற்பத்திக்கே இது அடி என்று ஏ1இல் 3, ஏ2இல் −3 இடுவார். −72, ஐந்தாம் படி. அதே குளம், அதே நீர், பி புள்ளிகள்கூட ஒன்றே. ஏ இரண்டும் மாறியதில் −16, −72 ஆனது.

இதைக் கண்டு "அப்படியானால் இது வெறும் அபிப்பிராயம்தானே" என்று கருவியை ஒதுக்கிவிடக்கூடாது. நாம் இதை மதிப்பது இந்த இடத்தில்தான். மூவருக்கும் உள்ள கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது என்று அட்டவணை விரல் வைத்துக் காட்டுகிறது: நீர் இழப்பு எவ்வளவு, எந்த ஆண்டுக்கு, யாருக்கு. அந்தக் கேள்விக்குக் குளத்தின் பல ஆண்டு நீர்மட்டப் பதிவும் சிறுபோகத்தில் விதைத்த ஏக்கர் கணக்கும் பதில் சொல்லும். இந்தத் தேடல் கடன் கையெழுத்தாகும் முன் நடந்தால் ஆண்டுக்கணக்கான இழுபறியைத் தவிர்க்கலாம்.

தாளையடி வழிக்கு அட்டவணையில் வேறு வரிகள். கடல்நீரை சவ்வூடு அழுத்தி நன்னீராக்க, நிலையம் முழுவதற்கும் பொதுவாகக் கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். 24,000 கனமீற்றருக்கு நாளொன்றுக்கு 72,000 முதல் 96,000 அலகு. ஏ1 = 3, ஏ2 = −2, பி = 8 என்றால் −48. உள்ளெடுக்கும் கடல்நீரில் ஏறத்தாழ 40 வீதம் நன்னீராகும் என்று கொண்டால், மீதி 60 வீதம் ஏறத்தாழ 1.7 மடங்கு உப்போடு கடலுக்குத் திரும்பும். கழிவுக்குழாய் வாயருகே கரையோர மீன்பிடிக்கு ஏ1 = 1, ஏ2 = −2, பி = 8: −16.

மூன்றாவது நிரல் "ஒன்றும் செய்யாமல் விடுவது". பெரும்பாலான தாள்களில் இது இருக்காது, அல்லது முழுக்கப் பூச்சியமாக இருக்கும். அது பிழை. கிணற்று நைத்திரேற்று கூடிக்கொண்டே போகும் நிலைக்கு ஏ1 = 3, ஏ2 = −2, பி = 3+2+3 இட்டால் −48. இந்த நிரல் இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் தனியே தீமையாகவே தெரியும், அல்லது திட்டத்தின் நன்மை மட்டும் ஊதிப் பெரிதாகும்.

இனி குறைகள்.

முதற்குறை ஏ1இல். உள்ளூருக்கு மட்டுமான ஒரு பாதிப்பு எவ்வளவு கொடியதாக இருந்தாலும் 1 × 3 × 9 = 27ஐத் தாண்டாது, மூன்றாம் படியோடு நின்றுவிடும். ஆனால் நாடு கடந்தது என்று கருதப்படும் மிகச் சிறிய மாற்றம் 4 × 1 × 9 = 36, நான்காம் படிக்கு ஏறிவிடும். தாளையடியில் கழிவுக்குழாய் அருகே தொழில் செய்யும் குடும்பங்கள் அனைத்தையும் இழந்தாலும் இந்தக் கணக்கில் அது நடுத்தரம். இதைச் சரிசெய்யாமல் ரியாமைப் பயன்படுத்துவது அந்த மக்களுக்கு அநீதி என்றே சொல்வோம். எளிய திருத்தம் உண்டு. தாளின் வலப்பக்கத்தில் "மாற்று வழி இல்லாதோர்" என்று ஒரு நிரல் சேர்க்கவேண்டும். அந்த வளத்தை விட்டால் வேறு பிழைப்போ நீரோ இல்லாதவர்கள் பாதிக்கப்பட்டு, ஏ2 −2 அல்லது −3 ஆக இருந்தால், புள்ளி என்னவாக இருந்தாலும் அந்த வரி சிவப்பாகும். சிவப்பு வரி உள்ள மாற்றுவழி, கள ஆய்வு இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது. ஏ1இன் வரையறையை உள்ளூரிலேயே மாற்றி எழுதுவோரும் உண்டு. ஆனால் பிற திட்டங்களோடு ஒப்பிட முடியாமல் போகும் என்பதால் தனி நிரலே நல்லது.

இரண்டாம் குறை பி வரிசையில். உண்மையான எந்தப் பாதிப்புக்கும் பி கூட்டல் பெரும்பாலும் 6க்கும் 9க்கும் இடையேதான் வரும். அதாவது கட்டுமானத் தூசியைப் போல வந்து போவதற்கும், சதுப்பு நிலத்தை நிரந்தரமாக நிரப்புவதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மடங்குதான். ஏ1 = 2, ஏ2 = −2 என்றால் தூசிக்கு −24, சதுப்பு நிலத்துக்கு −36. உப்புநீர் ஏறிய நன்னீர்ப் படிவம் நம் வாழ்நாளில் திரும்பாது, அதற்கு ஒன்றரை மடங்கு போதுமா? போதாது. பி2இல் 3 விழுந்த வரிகளை மட்டும் வடிகட்டித் தனிப் பக்கமாக அச்சிடுங்கள், அந்தப் பக்கத்தை முதலில் வாசிக்கச் செய்யுங்கள். பின்லாந்து ஆய்வாளர்கள் பிற்பாடு, பாதிக்கப்படும் சூழல் எவ்வளவு நொய்மையானது என்பதை நான்காவது பி அளவாகச் சேர்த்துப் பார்த்தார்கள். குடாநாடு போன்ற இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் நான்காவது அளவைச் சேர்த்தால் மேலே சொன்ன படி எல்லைகள் செல்லாது, அவற்றை மறுபடி வரையவேண்டும். பலர் இதை மறந்து பழைய எல்லைகளையே வைத்துக்கொள்வதால் பல வரிகள் ஒரு படி ஏறிவிடுகின்றன.

மூன்றாவது பிழை கருவியுடையதல்ல, பாவிப்போருடையது. எல்லா வரிகளையும் கூட்டி "இரணைமடு +12, தாளையடி +5" என்று ஒரே எண்ணாக்குவது. இப்புள்ளிகள் தரவரிசைக் குறிகள். +63ஐயும் −72ஐயும் கூட்டி −9 என்றால் அதற்குப் பொருளே இல்லை. பயனடைவோர் ஒரு மாவட்டம், இழப்போர் இன்னொரு மாவட்டம் என்ற செய்தியே அந்தக் கூட்டலில் அழிந்துவிடும். அதோடு, நன்மை வரிகளை இரண்டாகப் பிரித்து எழுதினால் கூட்டுத்தொகை தானாக ஏறும். "குடிநீர் கிடைத்தல்", "சுகாதாரம் மேம்படல்", "மருத்துவச் செலவு குறைதல்" மூன்றும் ஒரே நன்மை மூன்று முறை எண்ணப்பட்டது. மாற்றுவழி ஒவ்வொன்றுக்கும் எந்தப் படியில் எத்தனை வரி என்ற பட்டை வரைபடம் ஒன்றே காட்டவேண்டும்.

தாள் தயாரிக்கும்போது அதிகம் நேரும் தொழில்நுட்பப் பிழை படி தேடும் சூத்திரத்தில். எக்செலின் தோராயத் தேடல் (approximate match) பயன்படுத்துவோர் எதிர்மறை எல்லைகளை −72, −36, −19 என்று இட்டுவிடுகிறார்கள். அப்போது −71 ஐந்தாம் படியில் போய் விழும். சரியான ஏறுவரிசை: −108, −71, −35, −18, −9, 0, 1, 10, 19, 36, 72. இவற்றுக்கு நேரே −5 முதல் +5 வரை எழுதுங்கள். பி கட்டங்களில் 1, 2, 3 தவிர வேறெதுவும் ஏற்காதபடி பூட்டுங்கள். வெறுமையாக விட்ட கட்டம் பூச்சியமாக எண்ணப்பட்டுப் புள்ளியைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும்.

மூன்று நாளை எப்படிச் செலவிடுவது? முதல் நாள் ஒரு புள்ளிகூட இடக்கூடாது. மாற்றுவழிகளை மூன்று அல்லது நான்காகவும், வரிகளை 16 முதல் 24 வரையிலும் நிறுத்துங்கள். 30ஐத் தாண்டினால் பிற்பகலுக்குப் பிறகு எல்லோரும் −1, −1 என்று இட்டுக்கொண்டே போவார்கள். மிச்ச நேரம் முழுவதும் ஏ2இன் வரையறைக்கு. நிலத்தடி நீருக்கு உதாரணமாக: −1 என்றால் அளவீட்டில் தெரியும், பாவனை மாறாது. −2 என்றால் ஆண்டில் சில மாதம் கிணற்று நீரைக் குடிக்க முடியாது. −3 என்றால் கிணறு கைவிடப்படும். இப்படி ஒவ்வொரு வரிக்கும் எழுதவேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் முடிவின் தரம் இந்த ஒரு நாளில் தங்கியிருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் ஒவ்வொருவரும் பேசாமல் தனியே புள்ளி இடவேண்டும். பிறகே திரையில் சேர்க்கவேண்டும். ஏ2இல் இரண்டு புள்ளியோ அதற்கு மேலோ விலகிய வரிகளை மட்டும் பேசுங்கள். சராசரி எடுக்காதீர்கள். ஒருவர் −1, இன்னொருவர் −3 இட்டதை −2 ஆக்கினால் யாரும் நம்பாத எண் அறிக்கைக்குள் போகும். இணக்கம் வராவிட்டால் இரண்டையும் எழுதி, எந்தத் தரவு கிடைத்தால் தீரும் என்று பக்கத்தில் குறியுங்கள். குழுவில் நீர்ப்பாசனம், கமநலம், கடற்றொழில், வனஜீவராசிகள், நகர அபிவிருத்தி ஆகியவற்றிலிருந்து ஆளுக்கு ஒருவர், பாதிக்கப்படும் பக்கத்திலிருந்து குறைந்தது இருவர். மேலதிகாரியும் கீழுள்ளவரும் ஒரே மேசையில் இருந்தால் புள்ளித்தாளில் பெயர் வேண்டாம்.

மூன்றாம் நாள் தணிப்பு நடவடிக்கைகளோடு மறுபடி புள்ளி. இங்கே கண்டிப்பு தேவை. "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வாக்கியத்துக்கு ஒரு புள்ளியும் ஏறக்கூடாது. செய்யும் நிறுவனம், செலவு, அது எந்த வரவுசெலவுத் தலைப்பில் வருகிறது என்ற மூன்றும் இருந்தால் மட்டுமே மறுபடி இடும் புள்ளி முதற்புள்ளியிலிருந்து மாறலாம்.

ரியாம் "எந்த வழி" என்பதற்குப் பதில் தரும், "எந்த இடம்" என்பதற்குத் தராது. அதற்கு வரைபடங்களை மேலுக்கு மேல் அடுக்கும் முறை வேண்டும். போருக்குப் பின் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் துணையோடு செய்த ஒருங்கிணைந்த மூலோபாயச் சுற்றாடல் மதிப்பீடு இதற்கு நல்ல முன்மாதிரி. காடு, தொல்லியல், நிலத்தடி நீர், கனிமம், வெள்ள அபாயம் என்று திணைக்களங்கள் தனித்தனியே வைத்திருந்த தகவல்களை ஒரே ஜி.ஐ.எஸ் (புவியியல் தகவல் முறைமை) தளத்தில் சேர்த்து, எங்கே எந்த அபிவிருத்திக்கு இடமுண்டு என்று காட்டியது. அந்த வேலைக்கு மூன்று நாள் போதாது. ஆனால் வரைபடம் இருக்கும் மாகாணத்தில் ரியாமின் ஏ1 புள்ளியை யாரும் ஊகத்தில் இடவேண்டியதில்லை, நீர்ப்படிவத்தின் எல்லையைப் பார்த்தே இடலாம்.

அறிக்கையாக ஒப்படைக்கும்போது மூன்று தாள்கள் போதும்: பட்டை வரைபடம், சிவப்பு வரிகளும் மீளாத வரிகளும் உள்ள பக்கம், புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். காரணத் தாள் இல்லாமல் வரும் ரியாம் அட்டவணையைத் திட்டமிடல் பிரிவு திருப்பி அனுப்பவேண்டும். கழிவு உப்புநீர் எத்தனை மீற்றர் பரவும், குளத்திலிருந்து வறண்ட ஆண்டில் எத்தனை கனமீற்றர் எடுக்கலாம் என்பவை இந்தத் தாளில் வராது, அவற்றுக்கு மாதிரிக் கணிப்பும் நீர்ச்சமநிலைக் கணக்கும் தனியே செய்யவேண்டும். சட்டம் கேட்கும் முழுமையான பாதிப்பு மதிப்பீட்டுக்குப் பதிலாக இதைச் சமர்ப்பிக்கவும் முடியாது. அந்த மதிப்பீட்டுக்கு எந்த இரண்டு வழிகளை அனுப்புவது, எந்தக் கேள்விகளோடு அனுப்புவது என்று தீர்மானிக்கவே இது.